ஷாம்பு பாக்கெட்டுக்கு விலை வராதவரை

பிளாஸ்டிக் குப்பை பற்றிய பேச்சு எழும் இடங்களிலெல்லாம் இப்போது ஒரே நம்பிக்கைதான். எங்கோ ஓர் ஆய்வகத்தில் இதற்கு மருந்து தயாராகிக்கொண்டிருக்கிறது. ஜப்பானில் பிளாஸ்டிக்கைத் தின்னும் பாக்டீரியா கிடைத்துவிட்டது. பிரான்ஸில் பாட்டிலைக் கரைக்கும் நொதி வந்துவிட்டது. மதுரையில் கேரி பேக்கைக் கொண்டு சாலையே போட்டுவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் நிதி, இன்னும் சில ஸ்டார்ட்அப் நிறுவனங்கள், ஒரு நல்ல கொள்கை அறிவிப்பு, அதன் பிறகு குப்பை செல்வமாகிவிடும். அமைச்சர்களின் உரைகளிலும் தொழில் கூட்டமைப்புகளின் அறிக்கைகளிலும் பள்ளி அறிவியல் கண்காட்சிகளிலும் ‘சுழற்சிப் பொருளாதாரம்’ என்ற சொல் பெரும்பாலும் இந்தப் பொருளில்தான் புழங்குகிறது.

புதுமைக்குப் பணம் ஒதுக்குவதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. அந்தப் பணம் போய்ச்சேரும் இடத்தில்தான் கோளாறு. குப்பை சேர்ந்து முடிந்த பிறகு, அதை என்ன செய்வது என்று யோசிக்கும் ஆலைகளுக்கே ஆதரவும் புகழும் கிடைக்கின்றன. பொருள் எப்படித் தயாரிக்கப்படுகிறது, தெருவில் கிடக்கும்போது அதை யார் குனிந்து எடுப்பார், எடுத்தால் அவருக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்விகளுக்கு ஆய்வு நிதியும் இல்லை, விருதும் இல்லை. மறுசுழற்சி நடக்குமா நடக்காதா என்பதைத் தீர்மானிப்பதோ இந்தக் கேள்விகள்தான்.

முதலில் கணக்கைப் பார்க்கலாம். 2017இல் ரோலண்ட் கேயர், ஜென்னா ஜாம்பெக், காரா லாவெண்டர் லா ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு, 1950 முதல் 2015 வரை உலகம் தயாரித்த பிளாஸ்டிக் 830 கோடி டன் என்று மதிப்பிட்டது. அதில் 630 கோடி டன் குப்பையாகிவிட்டது. மறுசுழற்சிக்குப் போனது அதில் ஏறத்தாழ 9 சதவீதம். 79 சதவீதம் குப்பைமேட்டிலோ மண்ணிலோ நீரிலோ சேர்ந்தது. 2019ஆம் ஆண்டுக்கான கணக்கை ஓ.இ.சி.டி. அமைப்பு தனியாகப் போட்டபோதும் அதே 9 சதவீதம்தான் வந்தது. பெட் பாட்டிலை அரைத்து நூலாக்கும் தொழில்நுட்பமும், பாலித்தீனை உருக்கிக் குருணையாக்கும் எந்திரமும் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. தொழில்நுட்பம் இல்லாததுதான் தடை என்றால், அது இருக்கும் பொருள்களிலாவது இந்த எண் ஏறியிருக்க வேண்டுமே?

ஏன் ஏறவில்லை என்பது எந்தப் பழைய பேப்பர் கடையிலும் தெரியும். அங்கே பிளாஸ்டிக் பிரிக்கிறவரிடம் ஸ்பெக்ட்ரோமீட்டர் கிடையாது. கையும் காதும் மூக்கும்தான் கருவிகள். கவரைக் கசக்கி, வரும் சத்தத்தைக் கொண்டு வகை சொல்லிவிடுவார். சந்தேகம் வந்தால் ஓரத்தைக் கொளுத்தி முகர்ந்து பார்ப்பார். மெழுகுவத்தி வாடை அடித்தால் பாலித்தீன், மூக்கைக் குத்தினால் பிவிசி. நறுக்கிய துண்டுகளைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டினால் பாலித்தீனும் பாலிப்ரொப்பிலீனும் மிதக்கும், பெட்டும் பிவிசியும் அடியில் போகும். அடியில் போன இரண்டையும் கையால் பிரித்தாக வேண்டும். பெட்டோடு கொஞ்சம் பிவிசி கலந்தாலும் உருக்கும் சூட்டில் அது சிதைந்து அமிலத்தை வெளியிட்டு மொத்தச் சரக்கையும் மஞ்சளாக்கிவிடும். இவ்வளவு நுட்பமான வேலையைச் செய்கிறவரை ‘முறைசாராத் துறை’ என்ற ஒரே சொல்லில் அரசு அறிக்கைகள் முடித்துவிடுகின்றன.

அந்தக் கடைக்கு ஆவின் பால் கவர் வரும். எத்தனையோ வீடுகளில் பால் கவரைக் கழுவி, காயவைத்து, கட்டுக்கட்டாகச் சேர்த்து எடைக்குப் போடுகிறார்கள். 2019இல் காலி கவருக்கு 10 காசு தருவதாக ஆவினே அறிவித்தது. அதற்கு முன்பிருந்தே பால் கவருக்குக் கிராக்கி உண்டு. காரணம் எளிது. அது ஒரே வகைப் பிளாஸ்டிக்கால் ஆனது. உருக்கினால் மறுபடி பாலித்தீன்தான்.

அதே வீட்டுக் குளியலறையில் கிடக்கும் ஷாம்பு பாக்கெட்டை அந்தக் கடைக்காரர் கையால் தொடமாட்டார். வெளியே அச்சுக்காக பாலியெஸ்டர் படலம், நடுவே ஈரமும் மணமும் வெளியேறாமல் காக்க அலுமினியத் தாள் அல்லது உலோகப் பூச்சு, உள்ளே சூடு வைத்து ஒட்டுவதற்கு பாலித்தீன், இவற்றையெல்லாம் இணைக்கப் பசை. தலைமுடியைவிடச் சற்றே தடிமனான அந்தத் தாளுக்குள் இத்தனை இருக்கின்றன. பாலித்தீன் 110 முதல் 130 டிகிரிக்குள் உருகிவிடும். பாலியெஸ்டருக்கு 250 டிகிரி வேண்டும். ஒன்றாக உருக்கினால் ஒட்டாது, பிரிக்கவும் முடியாது. எடையோ அதைவிட மோசம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் நாற்பது, ஐம்பது பொறுக்கினால் ஒரு கிலோ சேர்ந்துவிடும். காலிப் பாக்கெட் ஏறத்தாழ ஒரு கிராம்தான் இருக்கும். ஒரு கிலோவுக்கு ஆயிரம் முறை குனிய வேண்டும், குனிந்து எடுத்தாலும் வாங்க ஆளில்லை. மக்களுக்குப் பொறுப்பில்லை, தரம் பிரிக்கத் தெரியவில்லை என்று குறை சொல்பவர்கள் ஒன்றை விளக்க வேண்டும். பால் கவரைப் பத்திரப்படுத்தும் அதே கை ஷாம்பு பாக்கெட்டை வீசுவது ஏன்? பொறுப்பு ஒன்றுக்கு இருந்து இன்னொன்றுக்கு இல்லாமல் போகுமா?

இந்தப் பாக்கெட்டுக்கென்றே ஒரு புதிய தொழில்நுட்பம் வந்தது. அதன் கதையைப் புதுமையை நம்புகிறவர்கள் அவசியம் படிக்க வேண்டும். 2017இல் யூனிலீவர் நிறுவனம், ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்துடன் சேர்ந்து கிரியாசால்வ் என்ற முறையை அறிவித்தது. தனிவகைக் கரைப்பானைக் கொண்டு பாக்கெட்டின் பாலித்தீனை மட்டும் கரைத்துப் பிரித்தெடுப்பார்கள். அதைக்கொண்டே மறுபடி பாக்கெட் செய்யலாம். வேதியியல் சரியாகவே இருந்தது. இந்தோனேசியாவில் கிழக்கு ஜாவாவின் சிடோவார்ஜோவில் முன்னோடி ஆலையும் வந்தது. உலகப் பத்திரிகைகள் கொண்டாடின.

2021இல் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட புலனாய்வுச் செய்தி, அந்த முயற்சி ஆரவாரமின்றிக் கைவிடப்பட்டதைச் சொன்னது. பாக்கெட்டுகளைச் சேகரிப்பது, பிரிப்பது, கழுவுவது, ஆலைக்குக் கொண்டுவருவது ஆகியவற்றுக்கான செலவுதான் தாங்கவில்லை. ஆலை வாசலில் பாக்கெட் குவிந்திருந்தால் வெற்றி பெற்றிருக்கும் தொழில்நுட்பம் அது. வாசலுக்குக் கொண்டுவர யாருக்கும் காசு கிடைக்காததால் தோற்றது. பணமும் விற்பனை வலையும் தன் சொந்தப் பாக்கெட்டும் வைத்திருந்த நிறுவனத்தாலேயே முடியாததை, மானியத்தை நம்பித் தொடங்கும் ஒரு சிறு நிறுவனம் எப்படிச் செய்யும்?

அமெரிக்காவின் அனுபவமும் இதே திசையில்தான். பிளாஸ்டிக்கைக் காற்றில்லாமல் சூடாக்கி எண்ணெயாக்கும் முறைக்கு அங்கே ‘மேம்பட்ட மறுசுழற்சி’ என்று பெயர். ஒரேகான் மாநிலம் டைகார்டில் பாலிஸ்டைரீனைச் சிதைக்க அமைத்த ரெஜெனிக்ஸ் ஆலை 2024இல் மூடப்பட்டது. இண்டியானாவின் ஆஷ்லியில் ஆண்டுக்கு 1 லட்சம் டன் என்ற கனவோடு எழுந்த பிரைட்மார்க் ஆலை 2025இல் திவால் மனு போட்டது. 2024 செப்டம்பரில் கலிஃபோர்னியா அரசு எக்ஸான்மொபில் மீது தொடுத்த வழக்கில், அந்நிறுவனத்தின் இந்த முறையில் போகும் பிளாஸ்டிக்கில் 92 சதவீதம் மறுபடி பிளாஸ்டிக் ஆவதில்லை, பெரும்பாலும் எரிபொருளாகவே முடிகிறது என்று குற்றம்சாட்டியது. பெட்ரோலியத்திலிருந்து பிளாஸ்டிக் செய்து, அதிலிருந்து மறுபடி எரிபொருள் எடுத்துக் கொளுத்தினால் எந்தச் சுழற்சி நடந்தது?

நொதி விஷயத்தில் நியாயமாகப் பேச வேண்டும். ஜப்பானின் சகாய் நகரில் கண்டெடுத்த பாக்டீரியா பற்றி 2016இல் வந்த ஆய்வு உயிரியலில் ஒரு மைல்கல். 2020இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் மேம்படுத்திய நொதி, பெட் பிளாஸ்டிக்கில் 90 சதவீதத்தைப் பத்து மணி நேரத்தில் சிதைத்தது. இவையெல்லாம் பெட்டுக்கு மட்டுமே பொருந்தும். அதன் சங்கிலியில் இருக்கும் எஸ்டர் பிணைப்பை வெட்டத்தான் அந்த நொதிக்குத் தெரியும். பாலித்தீனிலும் பாலிப்ரொப்பிலீனிலும் முழுக்கக் கார்பன் சங்கிலிதான், நொதி பிடித்து வெட்ட அங்கே இடமே இல்லை. ஆக, பழைய பேப்பர் கடையில் ஏற்கெனவே நல்ல விலை போகும் ஒரு பிளாஸ்டிக்குக்கு இன்னொரு வழி கிடைத்திருக்கிறது. யாரும் சீந்தாத பிளாஸ்டிக்குக்கு இன்னும் எதுவும் கிடைக்கவில்லை.

மதுரைக்கு வருவோம். தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் செய்தது உண்மையான கண்டுபிடிப்பு. துண்டாக்கிய பிளாஸ்டிக்கை 160, 170 டிகிரி சூட்டில் ஜல்லி மீது தூவினால் மெல்லிய பூச்சாகப் படியும். அதன் மேல் தார் நன்றாகப் பிடிக்கும், தண்ணீர் உள்ளே இறங்காது. விலை உயர்ந்த எந்திரம் தேவையில்லை. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது தகும். சாலைக்கு இது நல்லது. குப்பைக்கு இதுவே தீர்வு என்று கொள்கை வகுப்பவர்கள் சொல்லத் தொடங்கியபோதுதான் சிக்கல் வந்தது. ஒருதடச் சாலையில் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு டன் பிளாஸ்டிக் போகும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020–21 கணக்குப்படியே இந்தியாவில் சேர்ந்த பிளாஸ்டிக் குப்பை 41 லட்சம் டன்னுக்கு மேல். அத்தனையும் சாலைக்குப் போக வேண்டுமென்றால் ஆண்டுதோறும் 41 லட்சம் கிலோமீட்டர் போட வேண்டும். சாலையில் புதைந்த பிளாஸ்டிக் மறுபடி பொருளாகத் திரும்புவதும் இல்லை. அடுத்த பாக்கெட்டுக்குப் புதிய பிளாஸ்டிக்தான் வாங்கியாக வேண்டும்.

இதற்கெல்லாம் எதிராக வலுவான ஒரு வாதம் உண்டு. பாக்கெட்டைக் குறை சொல்பவர்கள் ஏழைகளை மறந்துவிடுகிறார்கள் என்பது அது. இதை லேசாக ஒதுக்கிவிட முடியாது. சின்னப் பாக்கெட்டில் ஷாம்பு விற்கும் யோசனை கடலூரில் பிறந்தது. அந்த ஊரின் சின்னி கிருஷ்ணன், பணக்காரர்கள் வாங்கும் பொருள் கூலித் தொழிலாளிக்கும் எட்ட வேண்டும் என்று நினைத்தார். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு தொடங்கிய சிக் ஷாம்பு அந்த வழியில் கிராமம் கிராமமாகப் போனது. பன்னாட்டு நிறுவனங்கள் பிறகு அதைத்தான் பின்பற்றின. அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்துக்குப் பெரிய பாட்டில் வாங்கும் காசு மொத்தமாகக் கையில் இருக்காது. அந்தத் தேவை இன்றும் அப்படியே இருக்கிறது.

ஆனால் இந்த வரலாறு வாதத்தை எதிர்ப்பக்கம் திருப்புகிறது. பெட்டிக்கடைக்காரர், கூலிக்காரர், மலிவான படலம், ஒரு சீல் எந்திரம் ஆகியவற்றை வைத்து ஓர் ஊரின் வணிகர்கள் இந்தியச் சந்தையையே மாற்றிக் காட்டினார்கள். பொருள் கடைக்குப் போகும் வழியை இவ்வளவு அருமையாகச் சிந்திக்க முடிந்த நாட்டில், காலி உறை திரும்பி வரும் வழியை மட்டும் சிந்திக்க முடியாதா? ஏழைக்காகப் பேசுவதென்றால் ஏழையின் தெருவையும் சேர்த்துப் பேச வேண்டும். பாக்கெட் அடைத்த சாக்கடை தேங்குவதும், அள்ளப்படாத குப்பை தெருமுனையில் எரிவதும் யாருடைய தெருவில்? 2024இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, ஆண்டுக்கு 93 லட்சம் டன் பிளாஸ்டிக்கைச் சூழலில் கலக்கும் நாடாக இந்தியாவை உலகில் முதலிடத்தில் வைத்தது. அள்ளப்படாமல் போவதும் திறந்தவெளியில் எரிக்கப்படுவதும்தான் அதற்கு முக்கியக் காரணங்கள்.

சட்டம் ஒருமுறை சரியான இடத்தில் கை வைத்தது. 2016ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சி செய்ய முடியாத பல்லடுக்குப் பிளாஸ்டிக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் படிப்படியாக நிறுத்த வேண்டும் என்று சொன்னன. கெடு முடியும் நேரத்தில், 2018 மார்ச்சில், விதி திருத்தப்பட்டது. மறுசுழற்சி செய்ய முடியாத, அல்லது எரித்து ஆற்றல் எடுக்க முடியாத, அல்லது மாற்றுப் பயன்பாடு இல்லாத பல்லடுக்குப் பிளாஸ்டிக் மட்டுமே நிறுத்தப்பட வேண்டும் என்று ஆனது. எந்தப் பிளாஸ்டிக்தான் எரியாது? அந்தச் சில சொற்களில் முழு விதியும் கரைந்துபோனது. புதிய உறையைக் கண்டுபிடிக்கும்படி நிறுவனங்களை நெருக்கிய சட்டக் கட்டாயம் அதோடு போயிற்று. இன்று சென்னையில் பிரித்தெடுக்கும் விலைபோகாத பிளாஸ்டிக் அரியலூர் சிமென்ட் ஆலைகளின் சூளைக்குப் போகிறது, அதுவும் நிறுவனங்களின் பொறுப்பு நிறைவேறியதாகக் கணக்கில் ஏறலாம்.

2022இல் வந்த உற்பத்தியாளர் பொறுப்பு வழிகாட்டுதல்கள் அந்தக் கணக்கைச் சான்றிதழ் வணிகமாக மாற்றின. மறுசுழற்சி ஆலை சான்றிதழ் வெளியிடும், பாக்கெட் விற்கும் நிறுவனம் அதை வாங்கிக் கடமையை முடித்துக்கொள்ளும். அடுத்த ஆண்டே, நான்கு நிறுவனங்கள் சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்களை உருவாக்கியதை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டுபிடித்தது. உண்மையில் குப்பையைத் தொட்டவருக்கு அந்தச் சான்றிதழில் எந்தப் பங்கும் இல்லை. போதாததற்கு, 2021இல் பிளாஸ்டிக் கழிவின் மீதான ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்த்தப்பட்டது. ஒரு கையால் மறுசுழற்சிக்கு மாநாடு நடத்திவிட்டு, மறுகையால் மறுசுழற்சியின் மூலப்பொருளுக்கே வரியை மூன்று மடங்குக்கு மேல் ஏற்றியது அரசு.

வேலை செய்த வழிகள் இருக்கின்றன. பெரும்பாலும் அவற்றில் கண்ணைப் பறிக்கும் தொழில்நுட்பம் எதுவும் இல்லை. ஜப்பானின் பான நிறுவனங்கள் 2001இல் தங்களுக்குள் பேசி நிறம் சேர்த்த பெட் பாட்டிலையே கைவிட்டன. நிறமில்லாத பாட்டிலை எதுவாகவும் மாற்றலாம், பச்சைப் பாட்டில் கடைசிவரை பச்சைதான். ஒரு சாயத்தை விட்டது, அவ்வளவுதான். லிதுவேனியா 2016இல் பாட்டிலுக்கு 10 யூரோ சென்ட் முன்பணம் வைத்து, காலிப் பாட்டிலைத் தந்தால் அதைத் திருப்பிக் கொடுத்தது. அதற்கு முன் மூன்றில் ஒரு பங்கு பாட்டில்தான் திரும்பியது. இரண்டே ஆண்டுகளில் பத்தில் ஒன்பது திரும்பியது. அந்த நாட்டு மக்களின் ஒழுக்கமா இரண்டு ஆண்டுகளில் மாறியது?

நீலகிரியிலும் இதுவேதான் நடந்தது. உடைந்த மது பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிப்பதைப் பார்த்த சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022 மே மாதத்தில் டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் தந்தால் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார்கள். மிகப் பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. குடித்தவர் போட்டுவிட்டுப் போனாலும் 10 ரூபாய்க்காக வேறொருவர் எடுத்துவந்தார். பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் திட்டம் பரவியது. கடை ஊழியர்கள் வேலைச்சுமையும் இடநெருக்கடியும் கூடிவிட்டதாகப் போராடியதும் உண்மை, அவர்கள் கேட்டது நியாயமும்கூட. திரும்பும் பொருளைக் கையாள ஆளும் இடமும் கூலியும் வேண்டும். அதுவும் மறுசுழற்சியின் செலவுதான், பாட்டிலில் சரக்கு விற்பவர் கொடுக்க வேண்டிய செலவு.

புதுமைக்கு இங்கே வேலை இல்லையா? மலையளவு இருக்கிறது. ஒரே வகைப் பாலித்தீனில், ஈரமும் மணமும் வெளியேறாத, ஒரு ரூபாய்க்குக் கட்டுப்படியாகும் பாக்கெட்டைச் செய்வது கடினமான வேதியியல். வெந்நீரில் கழன்றுவிடும் பசை, உருக்கும்போது குருணையைக் கறுக்கவைக்காத அச்சு மை, பெட்டிக்கடை மேசையில் வைத்து ஐந்து மில்லி பத்து மில்லியாக ஷாம்பு ஊற்றித் தரும், கலப்படம் செய்ய முடியாத சிறு குழாய்ப்பெட்டி என்று பட்டியல் நீளும். தண்ணீர்த் தொட்டியில் மூழ்கிய பெட்டையும் பிவிசியையும் பிரிக்க, பழைய பேப்பர் கடைக்காரர் வாங்கும் விலையில் ஒரு கைக்கருவி வந்தால் எத்தனை பேரின் நுரையீரல் பிழைக்கும்! ஐ.ஐ.டி.களும் பொறியியல் கல்லூரிகளும் இதற்கு ஆய்வு நிதி கேட்டு வரட்டும். அந்த ஆய்வுக் குழுவில் பிளாஸ்டிக் பிரிப்பவர் ஒருவர் சம்பளத்தோடு உட்காரட்டும். ஒரு பொருள் விற்குமா விற்காதா என்பதை அவரைவிட விரைவாகச் சொல்ல யாராலும் முடியாது.

நிறுவனங்கள் இதைத் தாமாகச் செய்யும் என்று காத்திருப்பதில் பயனில்லை. 2025க்குள் புதிய பிளாஸ்டிக்கைப் பாதியாக்குவதாகச் சொன்ன யூனிலீவர், 2024இல் அந்த இலக்கை 2026க்குள் 30 சதவீதம் என்று தளர்த்திக்கொண்டது. கோகோ கோலா 2030க்குள் கால்பங்கு பானத்தைத் திரும்பப் பயன்படுத்தும் பாட்டில்களில் விற்பதாகச் சொன்ன வாக்கை அதே ஆண்டு கைவிட்டது. பிளாஸ்டிக் ஒப்பந்தத்துக்காக 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடிய நாடுகளும் உடன்பாடின்றிக் கலைந்தன. உற்பத்திக்கு வரம்பு வைக்கலாமா என்பதில்தான் முக்கியமாக முட்டிக்கொண்டது.

பிளாஸ்டிக் பாக்கெட்டில் எதையும் அடைப்பதைத் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்றும் சொல்ல முடியாது. குட்கா, புகையிலை, பான் மசாலாவைப் பிளாஸ்டிக் பாக்கெட்டில் அடைக்க 2016 விதிகளிலேயே தடை இருக்கிறது. ஷாம்புக்கும் காபித்தூளுக்கும் தடைகூட வேண்டாம், முன்பணம் போதும். பாட்டில் திட்டம் தொடங்கிய நீலகிரியிலேயே முதலில் செய்து பார்க்கலாம். மலைக்குச் சரக்கு ஏறும் பாதைகள் சிலவே, பிளாஸ்டிக்கைச் சோதிக்கும் சாவடிகளும் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. மாவட்டத்துக்குள் வரும் ஒவ்வொரு பாக்கெட் சரத்துக்கும் நிறுவனம் முன்கூட்டியே பணம் கட்ட வேண்டும். பாக்கெட்டுக்கு 50 காசு என்று வைத்தால், ஆயிரம் பாக்கெட் பொறுக்குகிறவர் கையில் அன்று மாலையே 500 ரூபாய் இருக்கும். கடைக்காரருக்குத் தனிக் கூலி. ஒரே வகைப் பிளாஸ்டிக்குக்கு மாறும் நிறுவனத்துக்கு அந்த 50 காசை 10 காசாகக் குறைக்கலாம்.